எட்டாம் நாள் கொப்புளம்

பழைய தமிழ் அகராதிகளில் 'அம்மைப்பால்' என்றொரு சொல் இருக்கிறது. பெரியம்மை வராமல் தடுக்கக் குத்திய மருந்துக்கு மக்கள் வைத்த பெயர் அது. 'அம்மைப்பால் வைத்தார்கள்', 'அம்மை குத்தினார்கள்' என்று நம் பாட்டிமார் பேசக் கேட்டிருப்போம். பால் என்றதும் மாடு நினைவுக்கு வரும். ஆனால் 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்தப் பால் மாட்டிலிருந்து எடுக்கப்படவில்லை. ஒரு வாரத்துக்கு முன்னால் அம்மை குத்தப்பட்ட இன்னொரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்தைக் கீறி எடுத்தார்கள்.

தடுப்பூசி போட்ட இடத்தில் குழந்தைக்கு வீங்குகிறது, கன்றிப்போகிறது, சீழ் வைக்கிறது, உடம்பெல்லாம் தடிப்பு வருகிறது. இவற்றை இன்று 'பக்கவிளைவு' என்கிறோம். தொடக்கத்தில் தோலில் வந்த அந்தப் புண்தான் மருந்தின் இருப்பே. அது சரியாக வராவிட்டால் அடுத்த குழந்தைக்கு மருந்து கிடையாது. இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு தடுப்பூசியின் வரலாற்றைத் திரும்பப் பார்த்தால் சாதி எங்கே நிற்கிறது என்பது தெரியும். பாடநூல்கள் இந்தப் பக்கத்தைத் திருப்புவதில்லை. ஜென்னர், பால்காரப் பெண், 1796 என்று மூன்று வரியில் முடித்துவிடுகின்றன.

கொப்புளத்துக்கு ஒரு நாட்கணக்கு உண்டு. குத்திய மூன்றாம் நாள் அந்த இடம் சிறு பருவாகத் தடிக்கும். ஐந்தாம், ஆறாம் நாளில் அதில் நீர் கோக்கும். எட்டாம் நாள் கொப்புளம் முத்துப்போல் திரண்டு, நடுவில் சற்றே குழிந்து, உள்ளே தெளிந்த நீரோடு நிற்கும். அந்த நாளைத் தவறவிட்டால் நீர் கலங்கிச் சீழாகும். சுற்றிலும் சிவந்து வீங்கும். குழந்தைக்குக் காய்ச்சல் ஏறும். இரண்டு வாரத்தில் பொருக்குக் கட்டி, மூன்றாம் வாரம் உதிர்ந்து, வாழ்நாள் முழுக்க அழியாத தழும்பை விட்டுப்போகும். எனவே அம்மை குத்துபவர் எட்டாம் நாள் தவறாமல் திரும்பி வருவார். முந்தைய வாரம் எந்தக் கிழமை வந்தாரோ அதே கிழமை. கொப்புளத்தைச் சிறு கத்தியால் பல இடங்களில் கீறுவார். கசியும் நீரைத் தொட்டு, அங்கே உட்காரவைக்கப்பட்டிருக்கும் நான்கைந்து புதிய குழந்தைகளின் கையில் ஏற்றுவார். கைக்குக் கை. அந்தக் குழந்தைகளிடமிருந்து அடுத்த வாரம் வேறு குழந்தைகளுக்கு.

ஏன் இப்படி? மருந்தைக் கண்ணாடித் துண்டிலோ நூலிலோ காயவைத்து அனுப்பிப் பார்த்தார்கள். நம் வெயிலில் அது பெரும்பாலும் வீரியம் இழந்தது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் மருந்தை உயிரோடு வைத்திருக்கக்கூடிய ஒரே கலம் குழந்தையின் உடல்தான். ஐரோப்பியப் பேரரசுகள் இதைக் கணக்குப் போட்டே செய்தன. 1803இல் ஸ்பெயினிலிருந்து பால்மிஸ் என்ற மருத்துவர் அமெரிக்கக் குடியேற்றங்களுக்குத் தடுப்பு மருந்தைக் கொண்டுபோனபோது கப்பலில் 22 அனாதைச் சிறுவர்களை ஏற்றிக்கொண்டார். கடலில் சங்கிலி அறுந்துவிடாமல் வாரந்தோறும் இரண்டிரண்டு பேருக்குக் குத்திக்கொண்டே போனார்கள். கியூபாவில் சிறுவர்கள் கிடைக்காதபோது மூன்று அடிமைப் பெண்களை விலைக்கு வாங்கினார். மருத்துவ வரலாற்றில் இது மாபெரும் மனிதநேயப் பயணம் என்று கொண்டாடப்படுகிறது. பல்லாயிரம் உயிர்களை அது காப்பாற்றியது என்பதும் உண்மை. காப்பாற்றிய மருந்தைச் சுமக்க அனாதையும் அடிமையும்தான் கிடைத்தார்கள் என்பதும் உண்மை.

இந்தியாவுக்கு மருந்து வியன்னா, பாக்தாத், பாஸ்ரா வழியாக வந்தது. 1802 ஜூன் 14 அன்று பம்பாயில் அன்னா டஸ்தால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு அம்மை குத்தினார்கள்; அவள் கையில் கொப்புளம் சரியாக எழும்பியது. இந்த நாட்டில் வெற்றிகரமாக அம்மை குத்தப்பட்ட முதல் குழந்தை அவள். அடுத்த வாரம் அவள் கையிலிருந்து ஐந்து குழந்தைகளுக்கு எடுத்தார்கள். அங்கிருந்து புனே, சூரத், ஐதராபாத், சென்னை, இலங்கை என்று அதே ஆண்டுக்குள் பரவியது. சென்னையிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் போனதும் இப்படித்தான். வழியில் கொப்புளம் விளைந்த பிள்ளைகளைக் கொண்டுபோனார்கள். அன்னாவின் பெயராவது எழுதப்பட்டது. அவளுக்கு அடுத்து வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. எண்ணிக்கைதான் உண்டு.

இங்கேதான் நம் கேள்வி. வாரம் தவறாமல், அம்மை கண்டிராத, வேறு நோயில்லாத, பெற்றோர் மறுக்க வழியில்லாத குழந்தைகள் யார் வீட்டில் கிடைப்பார்கள்?

காலனிய மருத்துவ வரலாற்றை ஆராய்ந்த டேவிட் ஆர்னால்ட் போன்றவர்கள் ஆவணங்களிலிருந்து காட்டுவது இதுதான்: தொடக்க காலத்தில் கொப்புள நீர் கொடுத்த குழந்தைகளில் பலர் தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்ட, அல்லது தாழ்த்தப்பட்ட சாதிகளின் குழந்தைகள். கையில் கொஞ்சம் காசு கொடுத்துத் தாய்மாரை வரவழைத்தார்கள். வராவிட்டால் அதிகாரத்தைக் காட்டினார்கள். அடுத்து, அந்த நீரைத் தங்கள் பிள்ளையின் உடலில் ஏற்ற சாதி இந்துக்கள் மறுத்தார்கள். தொட்டாலே தீட்டு, நிழல் பட்டாலே தீட்டு என்றிருந்தவர்களுக்கு, சேரிக் குழந்தையின் புண்ணில் ஊறிய நீர் தம் குழந்தையின் தோலுக்குள்ளேயே போவது எப்படி இருந்திருக்கும்! சாதியின் இலக்கணம் முழுவதும் அந்த ஒரு சொட்டில் உடைந்துபோனது. நோய்க்கிருமிக்குத் தெரியாத சாதி மருந்துக்கும் தெரியவில்லை.

அதிகாரிகள் என்ன செய்தார்கள்? 'சுதேசிகளின் மூடநம்பிக்கை' என்று அறிக்கை எழுதினார்கள். அந்தச் சொல்லுக்குள் இரண்டு வேறு மறுப்புகளை ஒன்றாகப் போட்டுக் கட்டினார்கள். அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டியது நம் வேலை.

ஒன்று, தீட்டு கருதி மறுத்தவர்களின் மறுப்பு. மருந்து வேண்டாம் என்று அவர்கள் எல்லோரும் சொல்லவில்லை. இந்த உடலிலிருந்து வேண்டாம் என்றவர்கள் அவர்களுள் உண்டு.

இன்னொன்று, கூலிக்காரத் தாயின் மறுப்பு. அவள் மறுத்தது எட்டாம் நாளை. பிள்ளைக்கு ஏற்கெனவே காய்ச்சல். கை வீங்கியிருக்கிறது, இரவெல்லாம் அழுகை. அந்த நேரத்தில் அதே புண்ணைக் கத்தியால் கீறிப் பிழிந்து எடுக்க வேறொரு ஊருக்கோ முகாமுக்கோ தூக்கிக்கொண்டு வா என்கிறார்கள். ஒரு நாள் கூலி போகும். கீறிய புண்ணில் அழுக்குப் பட்டுச் சீழ் வைத்தால் பார்ப்பார் இல்லை. கிடைக்கும் பயன் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைக்கு. இந்தத் தாயின் கணக்கில் மூடநம்பிக்கை எங்கே இருக்கிறது? அவள் பயந்ததற்கு மருத்துவக் காரணமும் உண்டு. கைக்குக் கை குத்துவதில் வேறு நோய்களும் சேர்ந்து போகும். 1861இல் இத்தாலியின் ரிவால்ட்டா என்ற ஊரில் ஒரே குழந்தையின் கொப்புளத்திலிருந்து பல பத்துக் குழந்தைகளுக்கு மேகநோய் தொற்றியது. இங்கிலாந்து 1898இல் கைக்குக் கை முறையைச் சட்டம் போட்டே நிறுத்தியது. அங்கே தொழிலாளர் குடும்பங்கள் தெருவில் இறங்கிப் போராடின. அவர்களை வரலாறு 'மனச்சாட்சி எதிர்ப்பாளர்கள்' என்று எழுதுகிறது. இங்கே அதே வலியைச் சொன்னவள் 'அறியாதவள்'.

இரண்டு மறுப்புகளுக்கும் கிடைத்த பதில்கள் வேறுவேறு. மேல்சாதியாரைச் சமாதானப்படுத்த சாத்திரம் தேடினார்கள். 1819இல் 'மெட்ராஸ் கூரியர்' இதழில் 'கல்வி விரும்பன்' என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வெளிவந்தது. மாட்டம்மைப் பாலைக் குத்தும் முறை பழைய வடமொழி நூலிலேயே இருக்கிறது என்றது அது. ஆய்வாளர்கள் தேடியும் அப்படியொரு பழைய நூல் அகப்படவில்லை. மக்களை ஏற்கவைக்க யாரோ நல்லெண்ணத்தில் செய்த புனைவு என்றே அதைக் கருதுகிறார்கள். சென்னையில் தமிழ் ஆய்வுக்குப் பெயர்பெற்ற எல்லிஸ் துரையும் அம்மை குத்துதலைப் பரப்பத் தெய்வக் கதை வடிவில் ஒன்று எழுதியிருக்கிறார். பார்ப்பனியத்தை ஏற்கவைக்கப் பார்ப்பனியத்தின் மொழியிலேயே ஒரு பிறப்புச் சான்றிதழ்! (இன்று வாட்ஸ்அப்பில் 'எல்லாம் வேதத்திலேயே இருக்கிறது' என்று வரும் செய்திகளுக்கு இருநூறு வயது என்று தெரிந்துகொள்ளுங்கள்.) சேரித் தாயின் கேள்விக்கு அப்படி யாரும் உட்கார்ந்து எழுதவில்லை. வலி குறைய என்ன வழி, கூலி போனால் யார் தருவது, புண் ஆறும் வரை யார் பார்ப்பது என்பவை அவள் கேள்விகள். அவற்றுக்குப் பதில் கையில் வைத்த காசு, அல்லது அதிகாரியின் அதட்டல்.

1805ஆம் ஆண்டுக் காலத்து ஓவியம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் பெரிதாகப் பேசப்பட்டது. மைசூர் அரண்மனைப் பெண்கள் மூவர். தாமஸ் ஹிக்கி வரைந்ததாகச் சொல்கிறார்கள். வலப்பக்கம் நிற்கும் இளம் அரசி சேலையை விலக்கி மேல்கையைக் காட்டுகிறார். அது அம்மை குத்திய இடத்தைச் சுட்டுவது, மக்களை ஏற்கவைக்கத் தீட்டிய விளம்பரம் என்று வரலாற்றாளர் சிலர் வாசிக்கிறார்கள். அவர்கள் வாசிப்பு சரியென்றால், அரசியின் கைக்கு அந்த மருந்து வேறொரு கையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்தக் கைக்கு ஓவியம் இல்லை.

1880களுக்குப் பிறகு கன்றுக்குட்டியின் தோலில் அம்மைப்பாலை விளைவிக்கும் முறை மெல்லப் பரவியது. 1899இல் கிண்டியில் கிங் நிலையம் தொடங்கப்பட்டதே முக்கியமாக இந்தக் கன்றுப்பாலுக்காக. குழந்தையின் கொப்புளத்தைக் கீறும் காலம் முடிந்தது. நம் பிள்ளைகளுக்கு அது பெரிய விடுதலை. இதைச் சொல்லும்போதே இன்னொன்றையும் கவனியுங்கள். குழந்தையை விட்டுவிட்டுக் கன்றின் தோலைக் கீறத் தொடங்கியவுடன் எதிர்ப்பின் மொழி மாறியது. கோமாதாவுக்குத் துன்பம், பசுவின் ஊனை உடலில் ஏற்றுவது பாவம் என்ற குரல்கள் ஓங்கின. காந்தியார் 1913இல் எழுதிய உடல்நலக் கட்டுரைகளில் அம்மை குத்துவதை அருவருப்பான வழக்கம் என்று கண்டித்தார். அதை மாட்டிறைச்சி தின்பதோடு ஒப்பிட்டார். சேரிக் குழந்தைகளின் கையைக் கீறிய எண்பது ஆண்டுகளில் அந்த வலிக்காக இப்படியொரு தார்மீகக் குரல் எங்கே எழுந்தது என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

விடுதலைக்குப் பின் பி.சி.ஜி. வந்தது. காசநோய்த் தடுப்பூசி. 1948இல் கிண்டியிலேயே அதற்கு ஆய்வகம் அமைத்தார்கள். பி.சி.ஜி. போட்ட இடத்திலும் புண் வரும், வர வேண்டும். இரண்டு மூன்று வாரத்தில் சிறு கட்டி, பிறகு அது உடைந்து கொஞ்சம் கசிவு, பல வாரம் கழித்து வட்டத் தழும்பு. குலக்கல்வி எதிர்ப்பு கொழுந்துவிட்டிருந்த நேரத்தில் பதவி விலகிய ராஜாஜி, மறு ஆண்டு, 1955இல், பி.சி.ஜி. வேண்டாம் என்று நூலே எழுதினார். அவர் எழுப்பிய சில கேள்விகள் அறிவியல் கேள்விகளே. வளர்ந்தோரின் நுரையீரல் காசத்தை பி.சி.ஜி. எவ்வளவு தடுக்கும் என்ற ஐயம் பின்னாளில் செங்கல்பட்டில் நடந்த பெரிய ஆய்விலும் வலுப்பட்டது. ஆனால் பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து அது காக்கிறது. நெருக்கமான ஓரறை வீடுகளில் காசநோய் யாரைத் தேடி வரும் என்று நமக்குத் தெரியும். எனவே பி.சி.ஜி. விசயத்தில் நாங்கள் ராஜாஜி பக்கம் இல்லை.

பெரியம்மை ஒழிப்பின் கடைசிக் கட்டம் 1973 முதல் 1975 வரை. கதவு தட்டி ஒவ்வொருவர் கையிலும் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லாதவரைப் பிடித்துக் குத்தினார்கள். சிங்பூம் மாவட்டத்தில் ஹோ ஆதிவாசிக் குடும்பம் ஒன்றின் வீட்டுக்குள் இரவில் புகுந்து, திமிறியவர்களை அமுக்கிப் பிடித்துக் குத்தியதை, அந்தக் குழுவில் இருந்த அமெரிக்க மருத்துவரே பின்னாளில் எழுதினார். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. இந்த நோய் போனதில் நமக்கு மகிழ்ச்சிதான். அதைப் போக்கிய விதத்தில் மரியாதை யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதை மறக்க முடியாது.

இப்போது நிகழ்காலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். பிறந்தவுடன் பி.சி.ஜி.; ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட்; ஒன்பதாம் மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா; ஒன்றரை வயதையொட்டி தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையும் முத்தடுப்பு ஊக்கத் தவணையும். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் தொடங்கியபோது கிளம்பிய வதந்திகள் நினைவிருக்கும். பல இடங்களில் பயத்துக்குத் தீனி போட்டது தோலில் வந்த மாற்றம்தான். அந்த ஊசி போட்ட ஏழு முதல் பன்னிரண்டு நாளுக்குள் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலும் உடம்பில் பொடிப்பொடியாகத் தடிப்பும் வரும். இரண்டு மூன்று நாளில் தானே அடங்கும். உடலில் ஏற்றிய வீரியம் குறைத்த கிருமிக்கு உடல் காட்டும் எதிர்வினை அது. ஆனால் புதன்கிழமை ஊசி போட்டவர் ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். அடுத்த வாரத் தடிப்பைப் பார்ப்பது பாட்டி. 'அம்மா வந்துட்டா' என்று வேப்பிலை கட்டுவார். அல்லது ஊசியால் வந்த கேடு என்று அடுத்த தவணைக்கு அனுப்ப மாட்டார். எப்படிப் பார்த்தாலும் பழி அந்தக் குடும்பத்தின் அறியாமை மேல்.

எட்டாம் நாள் ஏன் யாரும் வரவில்லை என்பதுதான் நம் கேள்வியாக இருக்க வேண்டும். கொப்புளம் சர்க்காருக்குத் தேவைப்பட்ட காலத்தில் எட்டாம் நாள் தவறாமல் சேரிக்கு வந்தார்கள். கொப்புளம் குழந்தைக்கு மட்டும் சொந்தமான பிறகு அந்த வருகை நின்றுபோனது.

வந்தாலும் எப்படி வருகிறார்கள்? சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத்திலும் ராஜஸ்தானிலும் 200 தலித் குழந்தைகளிடம் கேட்டு 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அந்தக் குழந்தைகள் மருந்து வாங்கிய 1,298 முறைகளில் 1,181 முறை ஏதோ ஒரு வகையில் சாதிப் பாகுபாட்டைச் சந்தித்திருந்தார்கள். கையைத் தொடாமல் மேலிருந்து மாத்திரையைப் போடுவது, தொட்டுப் பார்க்காமலே நோய் சொல்வது, வீட்டுக்குள் நுழையாமல் வாசலோடு போய்விடுவது. தோலில் வந்த வீக்கத்தைத் தொடாமல் எப்படி அறிவது? கட்டி கடினமாக இருக்கிறதா, சூடாக இருக்கிறதா, உள்ளே சீழ் ஆடுகிறதா என்பதெல்லாம் விரல் சொல்ல வேண்டியவை. தீண்டாமை இங்கே மருத்துவத் தவறாகவே ஆகிறது.

நிறமும் ஒரு சிக்கல். 'ஊசி போட்ட இடம் சிவக்கும்' என்று எழுதுகிறார்கள். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதிய மருத்துவ நூலிலிருந்து வந்த வரி. நம் பிள்ளைகளின் கறுத்த தோலில் சிவப்பு அப்படித் தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடக் கருமை கூடித் தெரியும், தொட்டால் சுடும், தோல் இறுகிப் பளபளக்கும். சிவப்பைத் தேடிக் காணாமல் 'ஒன்றுமில்லை' என்று அனுப்பப்படும் குழந்தைகள் உண்டு.

களத்தில் இறங்கும் தோழர்கள் இதை மனத்தில் கொள்ளுங்கள். தொடையிலோ கையிலோ வரும் வீக்கமும் வலியும் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வடியும். ஒன்றரை வயது ஊக்கத் தவணைக்குச் சற்றுப் பெரிதாகவே வீங்கலாம். ஈரத்துணி போதும். மஞ்சள், சாம்பல், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். உள்ளே சிறு உருண்டைபோல் சில வாரம் நின்றாலும் வலியில்லாவிட்டால் பயமில்லை. பி.சி.ஜி. புண்ணைப் பிதுக்கக் கூடாது. அக்குளில் நெறி கட்டிப் பெரிதாகிக்கொண்டே போனால் காட்ட வேண்டும். வீக்கம் நாளுக்கு நாள் கூடினாலோ, காய்ச்சலோடு சீழ் வைத்தாலோ அன்றே மருத்துவமனை. ஊசி போட்ட சில நிமிடங்களில் உடலெங்கும் தடித்து, முகம் வீங்கி, மூச்சுத் திணறினால் ஒரு நொடி தாமதிக்கக் கூடாது. அதற்காகத்தான் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்கிறார்கள். கூலிக்கு ஓட வேண்டிய தாய் அந்த அரை மணி நேரம் காத்திருக்க நிழலும் தண்ணீரும் முகாமில் இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் இருக்காது.

தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளைப் பதிந்து மேலே அனுப்புவது கிராம சுகாதாரச் செவிலியரின் கடமை. அதற்கென்று படிவமும் மாவட்டக் குழுவும் இருக்கின்றன. அந்தச் செவிலியர் தலையில் எத்தனை ஊர், எத்தனை பதிவேடு என்பதும் நமக்குத் தெரியும். அவரோடு சண்டை போடுவதற்கு முன்னால் நாமே ஒரு நோட்டுப் போடலாம். குழந்தையின் பெயர், ஊசி போட்ட தேதி, என்ன ஊசி, எந்தக் கை அல்லது தொடை, எத்தனையாம் நாள் என்ன தெரிந்தது, யார் வந்து பார்த்தார்கள், தொட்டுப் பார்த்தார்களா. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அடுத்த புதன்கிழமை, அதாவது எட்டாம் நாள், தெருவில் ஒரு சுற்றுப் போங்கள். அதற்கடுத்த புதனும் ஒரு தடவை. தட்டம்மை ஊசியின் தடிப்பு அதற்குள் வந்து போயிருக்கும். படம் எடுப்பதானால் தாயிடம் கேட்டுவிட்டு, பகல் வெளிச்சத்தில், முகம் தெரியாமல் கையை மட்டும் எடுங்கள்.